‘புரிந்த மாதிரிதான் இருந்தது’: வாசகர் கேள்வி பதில்

வாசித்ததைப் புரிந்துகொள்வது பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்தன. பலவும் ஒரே குறையை வேறு வேறு வாசலில் நின்று சொல்பவை. அதனால் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்ப் பாடத்தைத் தட்டுத் தடுமாறாமல், ல, ள, ழ பிசகாமல் வாசிக்கிறாள். முடித்ததும் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறாள். ‘புரிஞ்சுதா?’ என்றால் ‘புரிஞ்சுதும்மா’ என்கிறாள். பொய் சொல்கிறாளா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பொய் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே புரிந்ததாகத்தான் தோன்றுகிறது, சிக்கலே அதுதான். வரியில் உள்ள சொற்களெல்லாம் தெரிந்தவை, நாக்கு எங்கும் இடறவில்லை. உடனே மனம் ‘சரி, மேலே போ’ என்று சொல்லிவிடுகிறது. புரியாமை பல்வலி மாதிரி தானாகத் தெரியவராது, தேடிப் பார்த்தால்தான் தெரியும். இப்படித் தன் புரிதலைத் தானே கண்காணித்து, வேண்டிய இடத்தில் சரிசெய்துகொள்வதை மெட்டாகாக்னிஷன் என்கிறார்கள். தமிழில் ‘மீயறிதல்’ என்று எழுதுவோரும் உண்டு. 1970களில் இந்தக் கருத்தை முன்வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளாவெல்.

முதலில் ஒரு சோதனை. அவள் பாடத்தின் தரத்திலேயே வேறொரு பத்தியை நீங்கள் வாசியுங்கள், அவள் கேட்கட்டும். பிறகு நான்கு கேள்வி கேளுங்கள். காதால் கேட்டதற்கு நன்றாகப் பதில் வருகிறது, தானே வாசித்தால் மட்டும் வரவில்லை என்றால், கவனமெல்லாம் உச்சரிப்பில் செலவாகிறது என்று பொருள். சத்தமாக வாசிப்பது ஒருவகையில் மேடையேறுவது போல. அடுத்த சொல்லைப் பிசகாமல் சொல்லும் அவசரத்தில் முந்தின சொல் நழுவிவிடும். அந்த நிலையில் சத்தமாக ஒருமுறை வாசித்த பத்தியை மௌனமாக இன்னொரு முறை வாசிக்கவிட்டு, அதன்பிறகு கேளுங்கள். காதால் கேட்டும் பதில் வரவில்லையென்றால் அந்த விஷயம் அவளுக்குப் புதிது, அல்லது அவள் தன் புரிதலைச் சோதித்துப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவதா என்று அறிய முரண் உள்ள பத்தி ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். இதோ ஒன்று: ‘எங்கள் ஊர்க் கிணறு மாசி மாதத்தோடு வற்றிவிடும். ஆடியில் மழை பெய்தால்தான் மறுபடி ஊறும். கிணற்றைச் சுற்றி நாலு தென்னை, ஒரு முருங்கை. பக்கத்திலேயே தாத்தாவின் கத்தரித் தோட்டம். சித்திரை வெயிலில் செடி வாடக் கூடாதென்று அவர் தினமும் அந்தக் கிணற்றில் இறைத்துப் பாய்ச்சுவார்.’ வாசித்துவிட்டு ‘நல்லாயிருக்கு’ என்றால் கண்காணிப்பு நடக்கவில்லை. இதற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம். எலன் மார்க்மன் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கடலடியில் வெளிச்சமே கிடையாது என்று சொல்லிவிட்டு, அங்குள்ள மீன்கள் நிறத்தைப் பார்த்து இரையைக் கண்டுகொள்கின்றன என்று ஒரு கட்டுரை இருந்தது. குழந்தைகள் பலர் அதில் ஏதும் தவறு இருப்பதாகச் சொல்லவே இல்லை.

இனிப் பயிற்சி. நாளுக்குப் பத்து நிமிடம், 100 முதல் 150 சொல் கொண்ட ஒரு பத்தி, அதில் இரண்டு அல்லது மூன்று நிறுத்தம். நிறுத்த வேண்டிய இடத்தில் முன்பே பென்சிலால் புள்ளி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் புத்தகத்தைக் கையால் மூடிக்கொண்டு அவள் செய்ய வேண்டியவை இரண்டே: இதுவரை வந்ததை ஒரே வாக்கியத்தில், தன் பேச்சுமொழியில் சொல்வது, அடுத்து எதைப் பற்றி வரும் என்று சொல்வது. உதாரணத்துக்கு: ‘தூக்கணாங்குருவிக் கூட்டை ஆண் பறவை கட்டத் தொடங்கும். பாதி கட்டியதும் பெண் பறவை வந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். அதனால் ஒரே மரத்தில் அரைகுறைக் கூடுகள் பல தொங்குவதைப் பார்க்கலாம்.’ ‘கூட்டை யார் கட்டத் தொடங்கும்?’ என்று கேட்டால் எந்தக் குழந்தையும் வரியைத் தேடிப் பதில் சொல்லிவிடும். அந்தக் கேள்வியால் பயன் இல்லை. ‘அதற்குப் பிடித்தால் என்று இருக்கிறதே, எதற்கு?’, ‘அரைகுறைக் கூடு ஏன் பல இருக்கிறது?’ என்று கேளுங்கள். இரண்டாவதற்கான பதில் பத்தியில் எந்த வரியிலும் இல்லை. பெண் பறவைக்குப் பிடிக்காத கூட்டை ஆண் அப்படியே விட்டுவிட்டு வேறொன்று தொடங்குகிறது என்பதை வாசிப்பவர்தான் வரிகளுக்கு நடுவே இட்டு நிரப்ப வேண்டும்.

தடுக்கிய இடத்தில் ‘மறுபடி படி’ என்று சொல்வதோடு நிறுத்தினால் அதே வேகத்தில் அதே பாதையில் ஓடி அதே இடத்தில் விழுவாள். ‘எந்த வரி வரைக்கும் புரிஞ்சுது?’ என்று கேளுங்கள். ‘எதுவுமே புரியல’ என்பது அநேகமாக ஒரு வரியில்தான் தொடங்கியிருக்கும். அந்த வரியில் தடுத்தது என்ன என்று அடுத்துப் பாருங்கள். தெரியாத சொல்லா? பத்தி முடியும்வரை வாசித்து அர்த்தத்தை ஊகித்துவிட்டு, பிறகு அகராதி. ‘அது, அவர், இப்படி’ போன்ற சொல்லா? அது சுட்டும் பெயர்வரை அம்புக்குறி போடட்டும். இரண்டு வாக்கியத்துக்கு நடுவே உள்ள தொடர்பா? நடுவில் ‘ஏனென்றால்’, ‘ஆனாலும்’, ‘அதனால்’ என்று ஒவ்வொன்றாக வைத்து எது பொருந்துகிறது என்று பார்க்கட்டும். இரண்டு வாரம் கழித்துப் புள்ளி வைக்கும் வேலையை அவளிடமே விட்டுவிடுங்கள். ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியை மட்டும் இன்றோடு விட்டுவிடலாம். அதற்கு ஆம் என்பதைத் தவிர வேறு பதில் வந்து யாரும் பார்த்ததில்லை.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். கதை வாசிப்பதில் சிரமம் இல்லை. கட்டுரைகளில் ஆறு வரி நீளும் வாக்கியம் வந்தால் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தமிழ் வாக்கியம் தன் முடிவைக் கடைசிவரை மடியில் கட்டி வைத்திருக்கும். முற்றுவினை கடைசியில், பெயரை விளக்கும் எச்சங்களெல்லாம் பெயருக்கு முன்னால், ‘இல்லை’ என்ற மறுப்பும் கடைசியில். அதனால் நடுவிலேயே ‘புரிந்துவிட்டது’ என்று முடிவுகட்டுகிறவர் நேர்மாறாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். இதைப் பாருங்கள்:

‘மழைக்காலத்தில் பெருகி வரும் நீரைத் தடுத்துத் தேக்கி, மதகு வழியே கீழுள்ள வயல்களுக்கு அனுப்பி, எஞ்சியதைக் கலிங்கல் வழியே அடுத்த ஏரிக்குத் திருப்பிவிடும்படி அமைக்கப்பட்ட இந்தச் சங்கிலித்தொடர் ஏரிகள் தூர்வாரப்படாததாலேயே பயனற்றுப் போயின என்று சொல்வதற்கில்லை.’

அவசரமாக வாசித்தவரைக் கேட்டால் ‘தூர்வாராததால் ஏரி கெட்டது’ என்பார். எழுதியவர் சொல்வது வேறு: தூர்வாராதது மட்டுமே காரணம் இல்லை. ‘-ஆலேயே’ என்பதில் உள்ள ஏகாரமும் கடைசிச் சொல்லும் சேர்ந்துதான் அந்தப் பொருளைத் தருகின்றன.

இப்படிப்பட்ட வாக்கியத்தைப் பின்னாலிருந்து பிரியுங்கள். கடைசி வினை என்ன, அது உடன்பாடா மறுப்பா? ‘சொல்வதற்கில்லை’: மறுப்பு. எதைச் சொல்வதற்கில்லை? ‘என்று’ என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதை. அங்கே எழுவாய் எது? ‘ஏரிகள்’. அதற்கு முன்னால் உள்ள மூன்று தொடரும் ஏரிகளுக்குப் போட்ட அடைமொழி. முதல் வாசிப்பில் அதை அடைப்புக்குறிக்குள் போட்டுத் தள்ளிவைத்துவிடலாம். மிஞ்சுவது: ‘ஏரிகள் தூர்வாராததாலேயே கெட்டன என்று சொல்ல முடியாது.’ இந்த எலும்புக்கூடு கைக்கு வந்தபின் அடைமொழியை இரண்டு மூன்று குறுவாக்கியமாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் எல்லா வாக்கியத்துக்கும் இதைச் செய்ய வேண்டாம், சலித்துப்போகும். ‘எனினும், மாறாக, தவிர, மட்டுமே, வரை, அன்று, இல்லை’ என்ற சொற்கள் தென்படும் வாக்கியங்களுக்கு மட்டும் செய்தால் போதும், கட்டுரை திரும்பும் இடங்கள் பெரும்பாலும் அவைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வாக்கியங்கள் எழுதியவருக்கே புரியாதவை. மூன்று முறை பிரித்தும் எழுவாய் கிடைக்கவில்லையென்றால் குற்றம் உங்களுடையதல்ல.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குத் தயாராகிறேன். சமூக அறிவியல் புத்தகங்களை மூன்று தடவை முடித்துவிட்டேன், பக்கமெல்லாம் மஞ்சள் மார்க்கர். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததாக இருக்கிறது. மாதிரித் தேர்வில் ‘கூற்று–காரணம்’ கேள்விகளில் அடி வாங்குகிறேன். (வாசகர், விருதுநகர்)

பதில்: மூன்றாம் தடவை வாசிக்கும்போது தெரிந்ததாக இருப்பது பாடம் அல்ல, பக்கத்தின் முகம். எந்தப் படத்துக்குக் கீழே எந்த வரி என்பதுகூடப் பழகிவிட்டது. முகம் தெரிந்த ஆளின் பெயர் வாய்க்கு வராமல் திண்டாடுகிறோமே, அதே கதை. ஜான் டன்லாஸ்கியும் அவருடைய சகாக்களும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டபோது, மீள்வாசிப்பையும் மார்க்கரையும் பயன் குறைந்தவற்றின் பட்டியலில் வைத்தார்கள். தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் பயன் மிகுந்தவை. ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையின் கணக்கு இன்னும் தெளிவானது. ஒரு பகுதியை இருமுறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் 81 சதவீதத்தை நினைவிலிருந்து எழுதினார்கள். ஒருமுறை வாசித்து, ஒருமுறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் எழுதியது 75. ஒரு வாரம் கழித்து முன்னவர்களுக்கு 42, பின்னவர்களுக்கு 56. உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் வரப்போவதில்லை.

ஆகவே நான்காம் வாசிப்பு வேண்டாம். இரண்டு அல்லது மூன்று பக்கம் உள்ள ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு ஒருமுறை வாசியுங்கள், மூடுங்கள், வேறு பாடத்துக்குப் போய்விடுங்கள். சில மணி நேரம் கழித்து வெள்ளைத்தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். வாசித்த கையோடு எழுதினால் எல்லாம் மனதில் சூடாக இருக்கும், அதை வைத்து உங்கள் நிலையைக் கணித்தால் கணிப்பு பொய்த்துவிடும். எழுதி முடித்ததும், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உறுதி என்றால் டிக், சந்தேகம் என்றால் கேள்விக்குறி போடுங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையில் திருத்துங்கள். கேள்விக்குறி போட்டுத் தவறானது ஆபத்தில்லாத தவறு. தேர்வறையில் அங்கே எச்சரிக்கையாகவே இருப்பீர்கள். டிக் போட்டுத் தவறானதைத் தனி நோட்டில் எழுதுங்கள். உங்கள் மதிப்பெண்ணைத் தின்பது அதுதான். அடுத்த நாள், நாலாம் நாள், இரண்டு வாரம் கழித்து என்று மூன்று தடவை அதே பகுதியை வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். தாள் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்கட்டும்.

இனிக் கூற்று–காரணம். இந்த வகைக் கேள்வியில் இரண்டு வரியும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். இரண்டாவது முதலாவதற்குக் காரணமா என்பதுதான் கேள்வி. ஆண்டையும் பெயரையும் மட்டும் பிடித்துக்கொண்டு வாசித்தவருக்கு அந்தக் கண்ணி தெரியாது. வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்வோம். ‘1806 ஜூலை 10’ என்பது அட்டையின் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். மறுபக்கத்தில் எழுத வேண்டிய கேள்விகள் வேறு: புதிய தலைப்பாகையை ஏன் சிப்பாய்கள் வெறுத்தார்கள்? சாதி, சமயக் குறிகளையும் தாடியையும் தடுத்த விதியோடு அது எப்படிச் சேர்ந்தது? திப்புவின் குடும்பம் அந்தக் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தது கிளர்ச்சிக்கு எந்த வகையில் உதவியது? ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பியின் படை அன்றே வந்து சேர்ந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? கடைசிக் கேள்விக்குப் புத்தகத்தில் விடை கிடையாது. ஆனால் அதற்கு விடை யோசித்தவர் ‘இதனால் இது’ என்ற சங்கிலியில் எந்தக் கண்ணி எதைத் தாங்குகிறது என்று தெரிந்துகொண்டிருப்பார். மார்க்கரைக் கைவிட முடியாதென்றால் ஒரு விதி: முதல் வாசிப்பில் தொடாதீர்கள், தாளில் எழுதத் தவறிய வரிக்கு மட்டும் மஞ்சள்.

கேள்வி: நிமிடத்துக்கு ஆயிரம் சொல் வாசிக்கக் கற்றுத் தருவதாக விளம்பரம் வருகிறதே, சேரலாமா? (வாசகர், சென்னை)

பதில்: வேகம் ஏற ஏறப் புரிதல் இறங்கும் என்பதுதான் கண்ணசைவு ஆய்வுகள் சொல்வது. அந்தப் பயிற்சிகளில் கண் பின்னோக்கிப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். ஆனால் கண் திரும்பிப் போவது பெரும்பாலும் எங்கோ பிடி நழுவியதை உணர்ந்துதான். வாசித்த சொற்களை உடனுக்குடன் மறைத்து, திரும்பிப் பார்க்க வழியில்லாமல் செய்த சோதனையில் புரிதல் குறைந்தது. மேலோட்டமாகத் தேடுவதற்கு, அதாவது இந்தக் கட்டுரை நமக்கு வேண்டுமா என்று பார்ப்பதற்கு, வேகம் பயன்படும். அதைக் கற்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை: தலைப்பு, உபதலைப்பு, ஒவ்வொரு பத்தியின் முதல் வரி, கடைசிப் பத்தி.

கேள்வி: என் மகனுக்குக் கிரிக்கெட் செய்தி என்றால் வரிக்கு வரி விளக்குவான். அறிவியல் பாடத்தில் ஒரு பக்கம் புரியவில்லை. கவனம் இல்லையா, திமிரா? (வாசகர், மதுரை)

பதில்: இரண்டும் இல்லை. ‘கடைசி ஓவரில் யார்க்கரை நம்பியது வீண்போகவில்லை’ என்ற வரியில் யார்க்கர் என்றால் என்ன, கடைசி ஓவரில் அதை ஏன் போடுவார்கள், வீண்போகவில்லை என்றால் என்ன நடந்திருக்கும் என்று எதுவுமே எழுதப்படவில்லை. எல்லாம் அவன் தலையில் முன்பே இருக்கிறது. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பேஸ்பால் ஆட்ட வர்ணனை ஒன்றை நடுநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களானாலும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசிப்பவர்களானாலும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். வாசிப்பு உத்திகளை விற்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. விஷயமே தெரியாத இடத்தில் எந்த உத்தியும் பாதிக் கிணறுதான் தாண்டும்.

கிரிக்கெட் அவனுக்கு வேறொரு வகையில் உதவும். செய்தியில் தப்பான ஸ்கோர் இருந்தால் உடனே ‘இது எப்படி?’ என்று நிமிர்வான் அல்லவா? அந்த நிமிர்தல்தான் கண்காணிப்பு, அது அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அறிவியலில் அது வேலை செய்ய, ஒத்துப் பார்க்க ஏதாவது தலைக்குள் இருக்க வேண்டும். பாடத்தைத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் படங்களையும் அவற்றின் கீழுள்ள வரிகளையும் மட்டும் பார்க்கட்டும். பிறகு தாளை மூன்று நெடுவரிசையாகக் கோடு போட்டு, ‘எனக்குத் தெரிந்தது’, ‘தெரிய வேண்டியது’ என்ற முதல் இரண்டையும் வாசிக்கும் முன்பும், ‘தெரிந்துகொண்டது’ என்ற மூன்றாவதை வாசித்த பின்பும் நிரப்பட்டும். டோனா ஓகிள் 1986இல் அறிமுகப்படுத்திய முறை இது.

இதில் வழக்கமாக நேரும் கோளாறு முதல் நெடுவரிசையில் இருக்கிறது. குழந்தை எழுதும் ‘தெரிந்தது’ தவறாக இருந்தால், பாடம் அதைத் திருத்தும் என்று நம்பி விட்டுவிடுகிறோம். பாடம் திருத்தாது. செடி தன் உணவை மண்ணிலிருந்து எடுக்கிறது என்று நம்பும் பிள்ளை, ஒளிச்சேர்க்கைப் பாடத்தை வாசித்த பிறகும் அதையே நம்புவான். ‘வேர் நீரையும் தாது உப்புகளையும் உறிஞ்சுகிறது’ என்ற வரியைத் தன் நம்பிக்கைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வான். எனவே பொதுவாக ‘செடி பற்றி என்ன தெரியும்?’ என்று கேட்காமல் பந்தயம் கட்டுவது மாதிரி ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஒரு தேக்கு மரத்தின் எடையெல்லாம் எங்கிருந்து வந்தது?’ பதிலை எழுதிவைக்கட்டும். பிறகு பாடத்தில் தன் பதிலோடு மோதும் வரியைத் தேடட்டும். கார்பன் டை ஆக்ஸைடு என்ற சொல் வரும் வரியில் அவன் நிற்பான்.

கேள்வி: ஆறாம் வகுப்பு ஆசிரியை. 38 மாணவர்கள், 40 நிமிடப் பாடவேளை. ‘பரஸ்பரக் கற்பித்தல்’ என்று பயிற்சியில் சொன்னார்கள். குழுவில் விட்டால் சத்தம்தான் மிஞ்சுகிறது. (வாசகி, தருமபுரி மாவட்டம்)

பதில்: பாலின்ஸ்கர், பிரவுன் இருவரும் 1984இல் எழுதிய இந்த முறையில் நான்கு வேலைகள்: அடுத்து வருவதை ஊகித்தல், கேள்வி எழுப்புதல், தெளியாததைத் தெளிவித்தல், சுருக்கிச் சொல்லுதல். ஆசிரியரின் இடத்தில் மாணவர்கள் முறைவைத்து அமர்கிறார்கள் என்பதுதான் ‘பரஸ்பரம்’. குழுவில் சத்தம் மிஞ்சுவதற்குக் காரணம் அநேகமாக ஒன்றே. நீங்கள் செய்து காட்டும் கட்டத்தைத் தாண்டிக் குதித்திருப்பீர்கள்.

முதல் வாரம் முழுவதும் குழு வேண்டாம். ஒரு பத்தியைப் பலகையில் எழுதி, உங்கள் மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லியபடி வாசியுங்கள்: ‘இங்கே அவர் என்று இருக்கிறது. மேலே இரண்டு பேர் வந்தார்களே, இது யார்? ஒரு வரி பின்னால் போய்ப் பார்க்கிறேன். ஆ, அண்ணன் இல்லை, தம்பி.’ உண்மையிலேயே தடுமாறும் இடத்தில் தடுமாறுங்கள். முன்பே தயாரித்த தடுமாற்றத்தை ஆறாம் வகுப்பு உடனே கண்டுபிடித்துவிடும். ஆசிரியருக்கும் புரியாமல் போகும், புரியாவிட்டால் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும். அதுவரை ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்வது அவர்களுக்கு அவமானம்தான்.

இரண்டாம் வாரம் பக்கத்து இருக்கைப் பிள்ளையோடு ஜோடியாக, இரண்டே வேலை: தெளிவித்தல், சுருக்குதல். மூன்றாம் வாரம் குழு. 38 பேரை ஏழு நால்வர் குழுவாகவும் இரண்டு ஐவர் குழுவாகவும் பிரிக்கலாம், ஐந்தாமவர் நேரம் பார்ப்பவர். நான்கு பத்தியுள்ள பகுதியாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு பத்திக்கு ஆறு நிமிடம், பத்தி முடிந்ததும் வேலை அட்டைகள் வலப்பக்கம் நகர வேண்டும். அட்டை நகராவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை சுருக்கிக்கொண்டே இருக்கும், கடைசி இருக்கைப் பிள்ளை ‘ஊகித்தல்’ என்ற பெயரில் எதையாவது சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். மொத்தம் 24 நிமிடம். மீதியில் முதல் ஆறு நிமிடம் நீங்கள் செய்து காட்ட, கடைசிப் பத்து நிமிடம் இரண்டு குழுக்களின் சுருக்கத்தைப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி எது எதை விட்டுவிட்டது என்று வகுப்பே பேச.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஊகம் குறிசொல்லும் விளையாட்டாக மாறும். ‘எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?’ என்ற துணைக்கேள்வியைக் கட்டாயமாக்குங்கள். கேள்விகளெல்லாம் ‘யார், எங்கே, எப்போது’ என்றே வரும். ‘ஏன், எப்படி’ என்று தொடங்கும் கேள்வி ஒன்றாவது இல்லாமல் அட்டை நகரக் கூடாது. சுருக்கம் என்றால் முதல் வரியை அப்படியே எழுதுவார்கள். புத்தகத்தை மூடச் செய்து, பத்துச் சொல்லுக்கு மேல் கூடாது என்று எல்லை போடுங்கள்.

எழுத்துக்கூட்டவே சிரமப்படும் நாலைந்து பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி தனியாகத் தேவை, இந்த முறை அதைத் தராது. ஆனால் குழுவில் ஒருவர் பத்தியை வாசித்துக் காட்டினால் நான்கு வேலையிலும் அவர்கள் மற்றவர்களுக்குச் சமமாக நிற்பார்கள். பல சமயம் நல்ல கேள்வி அங்கிருந்துதான் வரும்.

கேள்வி: இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. நம் மரபில் மனப்பாடம்தானே இருந்தது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பாயிரத்தைப் பாருங்கள். நூல் பயிலும் முறையைச் சொல்லும்போது ‘கேட்டவை நினைத்தல்’, ‘வினாதல்’, ‘வினாயவை விடுத்தல்’ என்று வரிசைப்படுத்துகிறார் பவணந்தி முனிவர். அதாவது கேட்டதை மீட்டுப் பார்ப்பது, கேள்வி கேட்பது, கேட்கப்பட்டதற்கு விடை சொல்வது. அதே வரிசையில் ‘பாடம் போற்றல்’ என்பதும் இருக்கிறது, அதனால் மனப்பாடம் இல்லவே இல்லை என்று வாதாட வேண்டாம். அடுத்து ஒரு கணக்கும் போடுகிறார்: ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்கு, உடன் கற்பவரோடு பழகினால் இன்னொரு கால், மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால். இது அளந்து பார்த்த கணக்கு அல்ல, அனுபவக் கணக்கு. ஆனாலும் எடுத்துச் சொல்லும்போதுதான் தெரியாதது தெரியவரும் என்பதை அவர் கண்டுகொண்டிருக்கிறார். நான்கு வேலை அட்டையோடு குழுவில் உட்காரும் தருமபுரிப் பிள்ளைகள் செய்வதும் அந்த முக்கால் பங்கைத்தான்.

கேள்வி: ஓய்வுபெற்றவன். செய்தித்தாளை நிறுத்திவிட்டுப் போனில் வாசிக்கிறேன். அரைமணி நேரம் வாசித்தும் எதுவும் தங்குவதில்லை. வயதா, போனா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: போனுக்கும் பங்கு உண்டு. 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2018இல் வெளியான கட்டுரை ஒன்று, தகவல் தரும் எழுத்தைத் திரையைவிடக் காகிதத்தில் வாசித்தவர்களுக்குக் கூடுதலாகப் புரிந்தது என்கிறது. நேர நெருக்கடி இருந்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். கதைகளில் அந்த வித்தியாசம் காணப்படவில்லை. ஆகவே தொடர்கதையைப் போனிலேயே வாசியுங்கள், பட்ஜெட் கட்டுரைக்குக் காகிதம் நல்லது. திரையில் வாசிப்பவர் தனக்கு எவ்வளவு புரிந்தது என்பதையும் கூட்டி மதிப்பிடுகிறார் என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. அதுதான் அரைமணி நேரத்தைத் தின்கிறது.

போனை விட மனமில்லையென்றால் இப்படிச் செய்யுங்கள். கட்டுரையைத் திறக்கும் முன் ஒரு கேள்வியைத் துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘வட்டி ஏன் ஏறுகிறது என்கிறார்?’ இரண்டு திரை நகர்ந்ததும் போனைக் கவிழ்த்துவைத்து, இதுவரை கிடைத்த பதிலை ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் மேலே நகர்த்த வேண்டாம், கடைசியாக நினைவிருக்கும் வரிக்குத் திரும்புங்கள். காலை நேரத்தில் மூன்று கட்டுரை போதும். மதியம் வீட்டில் யாரிடமாவது ஒன்றைப் பற்றிப் பேசிப் பாருங்கள். ‘ஏதோ வட்டியைப் பத்திப் போட்டிருந்தான்’ என்பதற்கு மேல் வரவில்லையென்றால் சாயங்காலம் அந்தத் துண்டுத்தாளோடு மறுபடி உட்காரலாம்.